இறால் ஓட்டிலிருந்து ஒரு நிறுவனம்: வடசென்னை வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

இராயபுரம் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட 1856ஆம் ஆண்டிலேயே, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஏபன் ஹார்ஸ்ஃபோர்டு என்பவர் ஒரு காப்புரிமையைப் பெற்றார். எலும்பைக் கந்தக அமிலத்தில் ஊறவைத்துக் கிடைக்கும் கால்சியம் பாஸ்பேட் உப்பை, சமையல் சோடாவுடன் சேர்த்து ரொட்டி மாவை உப்ப வைக்கும் பொடியாக மாற்றலாம் என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. அதுவரை அந்த வேலைக்கு ஐரோப்பாவின் திராட்சை மதுப் பீப்பாய்களில் படியும் புளிப்பு உப்பை அமெரிக்கர்கள் விலை கொடுத்து இறக்குமதி செய்துவந்தார்கள். ஹார்ஸ்ஃபோர்டு ஜார்ஜ் வில்சன் என்ற கூட்டாளியுடன் ரோட் தீவு மாநிலத்தில் ஆலை தொடங்கினார். சில ஆண்டுகள் இரண்டு வண்டியிலும் கால் வைத்திருந்துவிட்டு, 1863இல் பேராசிரியர் பதவியை விட்டார். இன்று நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் பேக்கிங் பவுடருக்கு இவர் ஒரு முக்கியமான முன்னோடி.

கழித்துப்போட்ட எலும்பு, ஓர் ஆய்வகம், ஒரு காப்புரிமை, ஓர் ஆலை என்ற இந்த வரிசையை, கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வண்ணாரப்பேட்டையிலோ உள்ள ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் ஒருவர் இன்று பின்பற்ற விரும்பினால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இக்கட்டுரையில் சொல்கிறேன். வடசென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பெடுத்துவிட்டு, காசிமேட்டு இறால் ஓட்டிலிருந்து ஒரு சிறு தொழிலைத் தொடங்கியவன் என்ற முறையில், எனக்கு நேர்ந்த பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன். அந்தப் பிழைகளில் பெரும்பாலானவை வேதியியல் தெரியாமையால் வந்தவை அல்ல. செய்ய வேண்டியவற்றை முன்பின்னாகச் செய்ததால் வந்தவை.

முதல் படி: ஆய்வகத்துக்கு வெளியே தொல்லையைத் தேடுதல்

நம் துறையில் ஆய்வுத் தலைப்பு பெரும்பாலும் ஆய்விதழ்களிலிருந்து பிறக்கிறது. தொழிலுக்கான தலைப்பு அப்படிப் பிறப்பதில்லை. ஒருவர் தினமும் பணம் செலவழித்துச் சகித்துக்கொண்டிருக்கும் தொல்லை எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வடசென்னையைப் போல் வசதியான இடம் குறைவு. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் பெட்ரோ இரசாயன ஆலைகளும், எண்ணூரில் அனல் மின் நிலையமும் துறைமுகமும், வியாசர்பாடியிலும் அம்பத்தூரிலும் சிறுதொழிற்பேட்டைகளும், காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகமும் ஒரு மாநகரப் பேருந்து தூரத்துக்குள் இருக்கின்றன.

நான் தொடங்கியது இறால் ஓட்டிலிருந்து. காசிமேட்டில் இறால் உரிக்கும் பெண்களின் கூடைகளுக்குப் பக்கத்தில் தலையும் ஓடும் குவியலாகக் கிடக்கும். உலர்ந்த ஓட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை கைட்டின் என்ற பொருள் உண்டு. மீதி கால்சியம் கார்பனேட்டும் புரதமும். அமிலத்தால் சுண்ணாம்பையும், நீர்த்த காஸ்டிக் சோடாவால் புரதத்தையும் நீக்கிவிட்டு, எஞ்சும் கைட்டினை அடர்ந்த காஸ்டிக்கில் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். கைட்டோசான் செம்பு, நிக்கல் போன்ற உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். கைட்டினை 1811இலேயே பிரான்சில் கண்டறிந்துவிட்டார்கள்.

தவறு எங்கே நேர்ந்தது என்றால், என்னிடம் ஒரு பொருள் இருந்தது, அதற்கு ஒரு தொல்லையைத் தேடிக்கொண்டு போனேன். முலாம் பூசும் பட்டறை ஒன்றில் என் பொருளைக் காட்டியபோது, நிக்கல் கலந்த பச்சைத் தண்ணீர் தெளிந்து வருவதைப் பட்டறைக்காரர் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தண்ணி சுத்தமாவுது சார், சரி. இந்தச் சக்கைய நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?" நிக்கலை உறிஞ்சிய சக்கை, அபாயகரக் கழிவு, அதைக் கும்மிடிப்பூண்டியில் உள்ள பொதுக் கழிவுக் கிடங்குக்குக் காசு கொடுத்து அனுப்ப வேண்டும். அதாவது அவருடைய தொல்லை அழுக்குத் தண்ணீர் என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கோ சக்கைதான் தொல்லை. அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான், உறிஞ்சிய உலோகத்தை அமிலத்தால் கழுவி எடுத்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய மணிகளாக அதை மாற்றும் யோசனை வந்தது. ஆகவே, புதிதாகத் தொடங்குபவர் ஆய்வகத்தில் முதல் குடுவையை எடுப்பதற்கு முன்பே, குறைந்தது பத்துப் பட்டறைகளிலாவது உட்கார்ந்து, அவர்கள் இப்போது என்ன வாங்குகிறார்கள், கிலோ என்ன விலை, எதற்காக யாரிடம் திட்டு வாங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். படிகாரத்தோடு விலையில் போட்டியிடும் எதையும் தொடாமலிருப்பது நல்லது என்பது என் தனிப்பட்ட கருத்து.

இரண்டாம் படி: கண்டுபிடிப்பு யாருடையது என்பதை எழுத்தில் முடிவுசெய்தல்

இந்தப் படியைச் சுருக்கமாகச் சொன்னாலும், இதைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. நீங்கள் அரசுக் கல்லூரி ஆசிரியர் என்றால், 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களுக்குப் பொருந்தும். முன் அனுமதியின்றித் தனியார் தொழில் நடத்த இயலாது. தனியார், உதவிபெறும் கல்லூரிகளில் பணி நியமன ஆணையையும் நிர்வாகத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையையும் படித்துப் பார்க்க வேண்டும். அன்று மனிதவள மேம்பாட்டு அமைச்சகமாக இருந்த மத்தியக் கல்வி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட புத்தாக்க, தொழில்முனைவுக் கொள்கை, ஆசிரியர்கள் விடுப்பெடுத்துக்கொண்டு நிறுவனம் தொடங்க இடம் தருகிறது. கல்லூரியின் இடம், கருவி, ஆசிரியர் நேரம் ஆகியவற்றுக்கு ஈடாக நிறுவனத்தில் 2 முதல் 9.5 விழுக்காடு வரை பங்கு கல்லூரிக்குக் கொடுக்கலாம் என்றும் அது வழிகாட்டுகிறது. அந்த ஆவணத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனால், பேச்சு பாதி நேரத்தில் முடியும்.

ஆராய்ச்சி மாணவர்களின் பங்கு இன்னும் நுட்பமானது. 1879இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஐரா ரெம்சனின் ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்த கான்ஸ்டன்டைன் ஃபால்பெர்க், இரவு உணவின்போது தன் கையில் ஒட்டியிருந்த பொருள் இனிப்பதைக் கவனித்து, சாக்கரினைக் கண்டார். இருவரும் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஆனால் 1880களில் ஃபால்பெர்க் தன் பெயரில் காப்புரிமை பெற்றுச் செல்வந்தரானார். ரெம்சனுக்கு அந்த மனக்கசப்பு கடைசிவரை போகவில்லை. நம் ஊரில் கதை பெரும்பாலும் தலைகீழாக, பேராசிரியர் மாணவியின் பெயரை விட்டுவிடுவதாக நடக்கிறது. உண்மையான கண்டுபிடிப்பாளர் யார் என்பது காப்புரிமைச் சட்டத்தில் மரியாதை சார்ந்த விஷயம் இல்லை. தவறாகக் குறிப்பிட்டால் பின்னர் காப்புரிமையையே அசைத்துப் பார்க்கலாம். பக்க எண் இட்ட, தைத்த நோட்டில் நாள்தோறும் எழுதி, மாணவரும் நீங்களும் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கட்டுரைக்கு முன் விண்ணப்பம்

பேராசிரியர்கள் அதிகம் விழும் பள்ளம் இதுதான், நானும் விழுந்தேன். கைட்டோசான் கரைசலைச் செங்கல் துகள்மேல் பூசி, இரண்டு கட்டங்களாக உலர்த்தினால், அமிலத் தண்ணீரிலும் கரையாத மணி கிடைப்பதைக் கண்டதும், அடுத்த மாதமே ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் அதைப் படித்தேன். கருத்தரங்கத் தொகுப்பிலும் அச்சேற்றினேன். பதவி உயர்வுக்கு மதிப்பெண் கிடைத்தது. பதினான்கு மாதங்கள் கழித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர், இது முன்னரே வெளியான செய்தி என்பதற்கு ஆதாரமாக என்னுடைய கட்டுரையையே பக்க எண்ணோடு எடுத்துக்காட்டினார். முதல் விண்ணப்பம் அதோடு முடிந்தது. அறிவியல் கழகத்தின் முன் படித்த கட்டுரைகளுக்கும், மத்திய அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கும் சட்டத்தின் 31ஆம் பிரிவு 12 மாதச் சலுகை தருகிறது என்றாலும், அதன் வரம்புகள் குறுகியவை. ஐரோப்பாவில் அந்த அளவுக்கும் இடமில்லை. ஒரு நாள் தாமதமும் எண்ணப்படும். பேக்லைட் பிளாஸ்டிக்கைக் கண்ட லியோ பேக்லண்டுக்கு ஒரு நாள் பின்னால் வந்ததால், அதே வேலையைத் தனியாகச் செய்துவந்த பிரிட்டிஷ் பொறியாளர் ஜேம்ஸ் ஸ்வின்பர்ன் 1907இல் காப்புரிமையை இழந்தார்.

நடைமுறை பின்வருமாறு. முதலில் தேடல்: இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடல் வசதி, ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாசெநெட், கூகுள் பேடண்ட்ஸ் ஆகிய மூன்றிலும் இலவசமாகத் தேடலாம். ஒரு வாரம் ஒதுக்கித் தேடினால், நீங்கள் புதிது என்று நினைத்தவற்றில் பெரும்பகுதி பழையது என்று தெரியவரும். அது ஏமாற்றம் தந்தாலும், எஞ்சும் சிறு பகுதிதான் உண்மையில் உங்களுடையது. என் வழக்கில் கைட்டோசானும் பழையது, அதைக் கரையாதபடி இறுகச் செய்யும் வேதிப்பொருளும் பழையது; உலர்த்தும் வரிசையும், மணியைத் திரும்பத் திரும்பக் கழுவிப் பயன்படுத்த முடிவதும் மட்டுமே புதிது.

அடுத்து, தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணத்தின் முதல் வடிவம். ஆய்வு முழுமையடையாத நிலையிலும் இதைத் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். தனிநபர், புத்தொழில் நிறுவனம், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், மற்றவர்களுக்கு 8,000. கல்வி நிறுவனங்களுக்கு இந்தச் சலுகை 2021இல்தான் வந்தது. விண்ணப்பம் செய்தால் மட்டும் யாரும் அதை எடுத்துப் பார்த்துவிட மாட்டார்கள். ஆய்வு செய்யும்படி படிவம் 18இல் தனியாகக் கேட்க வேண்டும், அதற்குச் சலுகைக் கட்டணம் 4,000 ரூபாய். முன்பு இதற்கு 48 மாத அவகாசம் இருந்தது. 2024 மார்ச் விதித் திருத்தத்துக்குப் பிறகு 31 மாதம்தான். விண்ணப்பதாரர் பெண்ணாகவோ புத்தொழில் நிறுவனமாகவோ இருந்தால் விரைவு ஆய்வு கேட்கலாம். காப்புரிமை கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் செல்லும்.

இந்தியாவின் நான்கு காப்புரிமை அலுவலகங்களில் ஒன்று கிண்டியில் இருக்கிறது. தியாகராயா கல்லூரி நிலையத்தில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். விண்ணப்பம் இணையத்தில்தான் என்றாலும், ஆய்வாளருடனான விசாரணை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையம் தொடக்க ஆலோசனை தருகிறது. விவரக்குறிப்பைக் காப்புரிமை முகவர் ஒருவரைக் கொண்டு எழுதுவதே சிறந்தது. புத்தொழில் நிறுவனங்களுக்கு முகவர் கட்டணத்தை அரசே செலுத்தும் திட்டமும் உண்டு. ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகிய கை, உரிமைக்கோரலை, அதாவது எதுவரை நம்முடையது என்று வரையறுக்கும் பகுதியை, எழுதும்போது தடுமாறுகிறது. கட்டுரையில் நாம் 60 பாகை வெப்பத்தில் செய்ததை 60 பாகை என்றே எழுதுவோம். உரிமைக்கோரலில் அப்படி எழுதினால் பக்கத்துத் தெருக்காரர் 65 பாகையில் செய்துவிட்டுச் சிரிப்பார்.

வேதியியலாளர்கள், காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவை ஒருமுறையாவது வரிவரியாகப் படிக்க வேண்டும். அறிந்த பொருளின் புது வடிவம், அதன் பயன்திறன் கூடியிருந்தாலன்றிக் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது 3(டி). நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் இரத்தப் புற்றுநோய் மருந்தைப் பற்றிய புகழ்பெற்ற வழக்கு, 2006இல் நம் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்ததிலிருந்து வளர்ந்ததுதான். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த நிராகரிப்பையே உறுதிசெய்தது. 3(இ) இன்னும் அன்றாடமானது: இரண்டு பொருள்களைக் கலந்தால், தனித்தனியே அவை செய்வதன் கூட்டுத்தொகையைவிட அதிகமாகக் கலவை ஏதாவது செய்தாக வேண்டும், அதை எண்களால் காட்டவும் வேண்டும். எனவே கலவையை மட்டும் சோதித்துவிட்டு வராமல், முதல் பொருள் தனியாக, இரண்டாம் பொருள் தனியாக, பிறகு கலவை என்று மூன்று வரிசைச் சோதனைகளையும் முதல் நாளிலிருந்தே செய்து வையுங்கள். இந்த விவரம் தெரியாமல், இரண்டாம் ஆண்டில் பழைய சோதனைகளைத் திரும்பச் செய்துகொண்டிருந்த நண்பர்கள் எனக்குண்டு.

இறால் ஓடு, வேப்பிலை, கடற்பாசி என்று உயிரியல் வளம் எதையாவது பயன்படுத்தினால், தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையையும் காப்புரிமை வழங்கப்படும் முன்பே முடிக்க வேண்டும். முகவரிடம் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

விண்ணப்ப எண் கையில் வந்த மறுநாள் தாராளமாகக் கட்டுரை எழுதலாம்.

நான்காம் படி: குடுவையிலிருந்து டிரம்முக்கு

ஆய்வகத்தில் நூறு கிராம் உலர்ந்த ஓட்டில் அமிலத்தை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடு வரும். ஓட்டில் நாற்பது விழுக்காடு சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ பத்து லிட்டர் வாயு. சன்னலைத் திறந்து வைத்தால் போதும். அதையே நூறு கிலோ ஓட்டுக்குச் செய்தால் பத்தாயிரம் லிட்டர், அதாவது பத்துக் கன மீட்டர் வாயு. காற்றைவிடக் கனமானதால் அது கொட்டகையின் தரையில் தங்கும், குனிந்து வேலை செய்பவருக்கு மூச்சு முட்டும். சந்தையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ தொண்ணூறு கிலோ வேண்டும். முடிவில் 44 கிலோ கால்சியம் குளோரைடு தண்ணீரில் கரைந்து நிற்கும். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை இல்லாமல் அடுத்த படிக்குப் போக இயலாது. நம் மாணவர்கள் பள்ளியிலேயே செய்யும் மோல் கணக்குதான் இது. ஆனால் பேராசிரியர்கள் தங்கள் சொந்தத் திட்டத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

வெப்பமும் அப்படியே. ஒரு லிட்டர் குடுவையிலிருந்து ஆயிரம் லிட்டர் கலத்துக்குப் போகும்போது கொள்ளளவு ஆயிரம் மடங்கு கூடுகிறது, வெப்பம் வெளியேறும் பரப்போ நூறு மடங்குதான் கூடுகிறது. குடுவையில் தானாக ஆறிய வினை, கலத்தில் கொதித்து வெளியே வரும். பேக்லண்டு இதைத்தான் வென்றார். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1889இல் அமெரிக்கா போய், வீலாக்ஸ் என்ற ஒளிப்படத் தாளைச் செய்து, 1899இல் அந்த நிறுவனத்தை ஈஸ்ட்மன் கோடக்கிடம் விற்று, அந்தப் பணத்தில் வீட்டோடு ஓர் ஆய்வகம் அமைத்துக்கொண்டவர். பீனாலும் ஃபார்மால்டிஹைடும் வினைபுரிந்து பிசின் போன்ற ஒன்று உண்டாகும் என்பது அவருக்கு முன்பே தெரிந்த செய்தி. ஆனால் வினை பொங்கி, குமிழி நிறைந்த கட்டியாகவே அது முடிந்துகொண்டிருந்தது. குமிழியைத் தவிர்க்க மற்றவர்கள் வெப்பத்தைக் குறைத்தபோது, இவர் வெப்பத்தைக் கூட்டி, கூடவே அழுத்தத்தையும் கூட்டி, வாயு வெளியேறாமல் அடக்கினார். அந்த அழுத்தக் கலத்துக்கு அவர் வைத்த பெயர் பேக்லைசர். புது மூலக்கூறு எதையும் அவர் தேடவில்லை. பழைய வினையை அடக்கத் தெரிந்ததே அவருக்கு நிறுவனமாயிற்று.

பொருள் பயன்படுத்துபவரின் கையில் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதையும் இந்தப் படியிலேயே தீர்மானிக்க வேண்டும். ஹார்ஸ்ஃபோர்டின் உப்பும் சோடாவும் ஈரம் பட்டால் டப்பாவிலேயே வினைபுரிந்துவிடும். சோள மாவைச் சேர்த்து ஈரத்தை உறிஞ்சச் செய்த பிறகே ஒரே டப்பாவில் விற்க முடிந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் வேதியியல் பேராசிரியர் த. பிரதீப்பும் அவருடைய குழுவும் குடிநீரிலிருந்து உலோக நுண்துகள்களால் பூச்சிக்கொல்லியையும், பின்னர் இரும்புச் சேர்ம நுண்பொருளால் ஆர்சனிக்கையும் நீக்கும் முறைகளைக் கண்டபோது, அவை மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது பொடியாக அல்ல, வடிகட்டிக்குள் பொருத்தப்பட்ட பாகமாக. ஆர்சனிக்கை நீக்கும் அம்ரித் தொழில்நுட்பத்தால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நல்ல தண்ணீர் குடிக்கிறார்கள். எதிர்மறையான உதாரணம் வேண்டுமென்றால் யுஸ்டஸ் லீபிக் இருக்கிறார். வேதியியல் கற்பிக்கும் முறையையே மாற்றியமைத்த அந்த மாமேதை 1840களில் காப்புரிமை பெற்று விற்ற உரம், மழையில் கரைந்து போய்விடக் கூடாதென்று கரையாத வடிவத்தில் செய்யப்பட்டிருந்தது. பயிராலும் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஹார்ஸ்ஃபோர்டு இவரிடம் படித்தவர்தான் என்பதை மாணவர்களுக்குச் சொல்வதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

சோதனைக்கான கருவிகளை வாங்கிக் கடன்படாதீர்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் நுண்பகுப்பாய்வுக் கருவி மையமும் அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் கட்டணத்துக்குச் சோதித்துத் தருகின்றன. சிறிய அளவு வேதிப்பொருள்களுக்கு, பாரிமுனை நைனியப்ப நாயக்கன் தெருவில் காலையில் ஒரு நடை போய்வந்தாலே விலை நிலவரம் தெரிந்துவிடும், எப்போதும் ஜி.எஸ்.டி. ரசீதோடு வாங்குங்கள், அமிலத்துக்கு அடையாளச் சான்று கேட்பார்கள்.

ஐந்தாம் படி: இடமும் இசைவாணையும்

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த பிரபுல்ல சந்திர ராய், 1892 வாக்கில் சுமார் 700 ரூபாய் முதலீட்டில், மேல் சர்குலர் சாலை வாடகை வீட்டில் பெங்கால் கெமிக்கல்ஸைத் தொடங்கினார். பாஸ்பேட் செய்வதற்காகக் கசாப்புக் கடை எலும்புகளை வாங்கி வந்து மாடியில் காயப்போட்டார். அக்கம்பக்கத்தார் நாற்றம் தாங்காமல் முறையிட்டார்கள். கல்லூரி வேலையையும் விடாமல் அவர் வளர்த்த அந்தத் தொழில் 1901இல் பொது வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று. நான் இராயபுரத்து மொட்டை மாடியில் எறா ஓடு காயவைத்த மூன்றாம் நாள், கீழ்வீட்டு அக்கா படியேறி வந்து, "வாத்தியாரே, பத்து வருஷமா காசிமேட்டுப் பக்கத்துல இருக்கோம், இந்த நாத்தம் மீன் மார்க்கெட்லயே வராதுப்பா" என்றபோது எனக்கு ராய் நினைவுதான் வந்தது.

ஆகவே குடியிருப்பில் தொடங்க வேண்டாம். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974, காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981 ஆகியவற்றின்கீழ்த் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவுவதற்கு ஓர் இசைவாணை, இயக்குவதற்கு மற்றோர் இசைவாணை பெற வேண்டும். தொழில்கள் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று மாசின் அளவுக்கேற்ப வகுக்கப்பட்டிருக்கின்றன; உங்கள் தொழில் எந்த நிறத்தில் விழுகிறது என்று இடத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடுமையாக மாசுபட்ட பகுதிகளின் 2009ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே மணலி இடம்பெற்றது. அங்கே புதிய இரசாயனத் தொழிலைக் கூடுதல் கண்டிப்போடு பார்ப்பது நியாயமே. கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் ஏற்கெனவே விட்டதெல்லாம் போதும்.

நான் தேர்ந்த வழி இரண்டாகப் பிரிப்பது. அமிலமும் காஸ்டிக்கும் நிறையச் செலவாகும் முதல் பாதியை, இசைவாணையும் கழிவுநீர் நிலையமும் உடைய கைட்டோசான் உற்பத்தியாளரிடமே விட்டுவிட்டேன். ஓட்டை இங்கிருந்து அனுப்பி, கைட்டோசானாக வாங்கிக்கொள்கிறேன். பூச்சு, உலர்த்தல், கழிவுநீரைச் செலுத்தும் உருளையில் மணிகளை அடைத்தல் ஆகிய, என் கண்டுபிடிப்புக்கு உரிய இரண்டாம் பாதியை மட்டும் தொழிற்பேட்டையில் ஒரு சிறு கொட்டகையில் செய்கிறேன். இலாபம் குறைகிறது, உறக்கம் வருகிறது.

ஆறாம் படி: பணம்

முதல் மாதிரிக்கு வங்கிக் கடன் கூடாது. தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் புத்தாக்கச் சீட்டுத் திட்டம், கருத்தை மாதிரியாக்க 2 லட்சம் ரூபாய் வரையிலும் அதை மேம்படுத்த 5 லட்சம் வரையிலும் தருகிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'நிதி பிரயாஸ்' என்ற திட்டத்தில் மாதிரிக்கு 10 லட்சம் வரை கேட்கலாம். உயிர்த்தொழில்நுட்பம் சார்ந்தது என்றால் மத்திய அரசின் பைராக் நிறுவனம் தரும் தொடக்க நிதி 50 லட்சம் வரை போகிறது. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பு நடத்தும் டான்சீட் நிதித் திட்டத்தையும் பாருங்கள். இவற்றில் பலவற்றுக்கும் பதிவுபெற்ற நிறுவனமோ புத்தொழில்களை வளர்த்தெடுக்கும் மையமான ஓர் இன்குபேட்டரின் ஆதரவோ தேவைப்படும் என்பதால், முதல் காப்புரிமை விண்ணப்பத்துக்குப் பிறகு தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவுசெய்துகொள்வது வசதி. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்களை மூடிவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரு கூட்டாளியைத் தேடுங்கள். ஹார்ஸ்ஃபோர்டுக்கு வில்சன் இருந்தார். பட்டறைக்காரரிடம் நிலுவைத் தொகையைக் கேட்டு வாங்கும் கலை, வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் கைவருவதில்லை.

ஏழாம் படி: முதல் வாடிக்கையாளரும் தடைக்காலமும்

நிக்கல் பிடித்த மணிகளை நாமே திரும்ப எடுத்துக்கொண்டு, கழுவி, உலோகத்தை மீட்டு, புதுப்பித்த உருளையைத் திரும்பக் கொடுப்பது என்று ஏற்பாடு செய்த பிறகுதான், சக்கையைப் பற்றிக் கேட்ட அதே பட்டறைக்காரர் முதல் வாடிக்கையாளரானார். உருளை என்னுடையது, அவர் மாத வாடகை தருகிறார். பயன்படுத்திய மணிகளை எடுத்துச் செல்வதற்கும் புதுப்பிப்பதற்கும் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி தனி அனுமதி வேண்டும். அது கைக்கு வரும் வரை முதல் உருளையை ஏற்றவில்லை. இலவச மாதிரி கொடுக்காதீர்கள் என்பது அவர் எனக்குச் சொன்ன அறிவுரை: காசு கொடுத்தால்தான் பட்டறையில் வேலை செய்யும் பையன்கள் அதை ஓரமாகத் தூக்கிப் போடாமல் இருப்பார்களாம்.

ஒவ்வொரு பேட்சிலிருந்தும் கால் கிலோ மணியை எண்ணும் தேதியும் இட்டு எடுத்து வையுங்கள். வகை மாறினாலும் பருவம் மாறினாலும் ஓட்டில் சுண்ணாம்பின் அளவு மாறும். புகார் வரும் நாளில் அந்தக் கால் கிலோதான் பதில் சொல்லும். காப்புரிமை கிடைத்தால், மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கண்டுபிடிப்பைப் பயன்படுத்துகிறோமா என்ற அறிக்கையைப் படிவம் 27இல் மூன்று நிதியாண்டுகளுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே இவற்றைச் சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறேன். அதே நாட்காட்டியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்குப் பச்சைக் கோடு ஒன்றும் போட்டிருக்கிறேன். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த இரண்டு மாதங்களில் காசிமேட்டில் ஓடு கிடைக்காது. ஆகவே பிப்ரவரியிலிருந்தே ஓட்டைக் கழுவி, நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத டிரம்களில் சேர்த்து வைக்கத் தொடங்க வேண்டும்.